உயர்மலைப் பயிற்சியும் ஓட்டக்காரரின் இதயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டிக்குப் பயிற்சிக்கு வரும் நெடுந்தூர ஓட்டக்காரர்கள், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோர், மாரத்தான் ஆசையில் விடுமுறைக்கு மலையேறி ஓடுகிறவர்கள் என்று பலரும் இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்டவை இவை. பாதிக் கேள்விகள் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறக்கின்றன: மலையில் ஓடினால் இதயம் பலப்படும். அந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

மலைமேல் ஆக்சிஜன் உண்மையிலேயே குறைவா?

விகிதம் குறைவதில்லை. மெரினாவிலும் தொட்டபெட்டா உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூரைத் தாண்டுவதற்குள் பலூன்போல் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டியில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைக்க முயன்றவர்களுக்கும் இது தெரியும். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம், ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் 580-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ கால் பங்கு குறைவு. நடக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. 400 மீட்டரை எட்டு முறை விரட்டி ஓடும்போது நன்றாகவே தெரியும்.

1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கை ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

மெக்ஸிகோ சிட்டியின் உயரமும் ஊட்டியைப் போலவே 2,240 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே உயரத்தில் நிறுத்தி, ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பார்த்த சோதனை அது. 10,000 மீட்டரில் அப்போது உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்கிடம் இருந்தது: 27 நிமிடம் 39.4 விநாடி. மெக்ஸிகோவில் கென்யாவின் நஃப்தாலி தெமு தங்கம் வென்ற நேரம் 29 நிமிடம் 27.4 விநாடி. தங்கமே ஏறத்தாழ 1 நிமிடம் 48 விநாடி மெதுவாக வந்தது. கிளார்க் ஆறாவதாக வந்து கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். தரையில் கிடத்தி ஆக்சிஜன் கொடுத்தார்கள். 1,500 மீட்டரில் கிப் கெய்னோ, மாரத்தானில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே என்று மேட்டுநிலத்தில் வளர்ந்தவர்களே பதக்கங்களை அள்ளினார்கள். அதே காற்றில்தான் நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். சில விநாடிகளில் முடிகிற போட்டிக்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. மெல்லிய காற்று அங்கே துணைக்கு வருகிறது.

கிளார்க்குக்குப் பல ஆண்டுகள் கழித்து இதய வால்வில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த ஓட்டமே காரணம் என்று அவர் நம்பினார். ஒரே ஓட்டம் வால்வைக் கெடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அன்று பயந்துபோன உலகம்தான் மலைப் பயிற்சியை முறையாக ஆராயத் தொடங்கியது என்பது உண்மை.

மேலே போன முதல் நாளில் இதயம் என்ன செய்கிறது?

கழுத்தின் இரு பக்கமும், தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசிமணி அளவில் ஓர் உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் கூச்சல் போடுவது அதுதான். மூச்சு ஆழமாகிறது, அட்ரினலின் வகையறா சுரக்கிறது, துடிப்பு ஏறுகிறது.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் போட்டி) ஓட்டக்காரி கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தாள். காலையில் கண் விழித்ததும், போர்வையை விலக்காமல், மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணி எழுதுவாள். ஊரில் 46. ஊட்டியில் இரண்டாம் நாள் 57. ஒன்பதாம் நாள் 50. இந்தக் கேள்விக்கு நான் எழுதக்கூடிய பக்கங்களைவிட அந்த மூன்று எண்கள் தெளிவானவை. இரண்டாம் நாளில் 57 என்று பார்த்ததும் முகம் வெளுத்துப்போய் ஓடி வந்தாள். கெட்டது ஒன்றும் இல்லை என்று அவளை நம்பவைக்கக் கால்மணி நேரம் ஆனது.

துடிப்பு கூடுகிறது என்றால் இதயத்துக்கு நல்ல பயிற்சிதானே? பலம் கூடாதா?

எல்லோரும் சறுக்கும் இடம் இது.

இதயத்தைப் பெரிதாக்குவது துடிப்பின் எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இடது கீழறைக்குள் எவ்வளவு ரத்தம் வந்து நிரம்பி, அதன் சுவரை இழுக்கிறது என்பதுதான். ஆண்டுக்கணக்கில் ஓடுகிறவரின் இடது கீழறை அந்த இழுப்பினால் விரிந்து கொடுக்கிறது. சாதாரண ஆள் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு துடிப்புக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் வெளியேறும் என்றால், தேர்ந்த ஓட்டக்காரருக்கு 200-ஐ எட்டும். 1899-இல் சுவீடன் மருத்துவர் ஹென்ஷென், எக்ஸ்ரேகூடத் துணையில்லாமல், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்களுடைய இதயம் பெரிது என்று கண்டுபிடித்தார்.

மலையில் நடப்பது இதற்கு நேரெதிர். முதல் சில நாட்களிலேயே உடல் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. சிறுநீர் கூடுகிறது, உலர்ந்த குளிர்காற்றில் மூச்சோடும் ஈரம் போகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 10 சதவீதம் வரை, அதிக உயரங்களில் அதற்கும் மேல், சுருங்கிவிடுகிறது. இருக்கிற சிவப்பணுக்களை அடர்த்தியாக்கிக்கொள்ள உடல் செய்யும் தந்திரம் இது. விளைவு, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது; ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தமும் குறைகிறது. துடிப்பு கூடியிருப்பது அந்தக் குறையை ஈடுகட்டத்தான். கிணற்றில் நீர் இறங்கிவிட்டால் பம்ப்செட் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வாய்க்கால் நிறையாது.

பம்ப்செட் பழுதாகிவிட்டதா என்ற கேள்வியையும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1985-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் நேட்டிக் நகரத்தில், எட்டு ஆண்களை ஓர் அழுத்த அறைக்குள் வைத்து, 40 நாட்களில் படிப்படியாகக் காற்றழுத்தத்தைக் குறைத்து, எவரெஸ்ட் உச்சி அளவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் எவரெஸ்ட் ஆபரேஷன் என்று அதற்குப் பெயர். இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள், எக்கோவும் (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) பார்த்தார்கள். இதயத்தசை சுருங்கும் திறன் அந்த உயரத்திலும் குறையவில்லை. குறைந்தது நிரம்புதல் மட்டுமே.

ஆகவே, மலை இடது இதயத்தை வளர்க்காது. இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்தப் பழக்கும்.

முதல் வாரத்திலேயே என் ஹீமோகுளோபின் 14-லிருந்து 15 ஆகிவிட்டதே!

ரசத்தைச் சுண்டவைத்தால் புளிப்பு கூடும். புளி கூடியதாக அர்த்தமில்லை. அது பிளாஸ்மா குறைந்ததன் கணக்கு. புதுச் சிவப்பணுக்கள் இன்னும் வரவில்லை.

நன்றாகப் பயிற்சி பெற்றவர்தான் மலையில் அதிகம் தடுமாறுகிறார் என்கிறார்களே, அது நியாயமா?

நியாயமில்லைதான், ஆனால் உண்மை. அவருடைய பெரிய இதயமே அங்கே அவருக்கு எதிராக நிற்கிறது. உச்ச நிலையில் தேர்ந்த ஓட்டக்காரரின் இதயம் நிமிடத்துக்கு 35, சிலருக்கு 40 லிட்டர்கூடப் பாய்ச்சும். அத்தனை ரத்தமும் நுரையீரல் வழியாகத்தான் போகவேண்டும். ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயில் முக்கால் விநாடி தங்குகிறது; கடும் ஓட்டத்தில் அதில் பாதிக்கும் குறைவு. கடல் மட்டத்தில் அந்த நேரம் போதும். மலையில் ஆக்சிஜனைத் தள்ளும் அழுத்தமே குறைவு என்பதால், நிறுத்தத்தில் சரியாக நிற்காமல் நகரும் டவுன் பஸ்போல, சிவப்பணு பாதி ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. சாதாரண ஆளின் இதயம் அவ்வளவு வேகமாகத் தள்ளாததால் அவருடைய பஸ் கொஞ்சம் நின்றே போகிறது.

உடல் உச்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. தேர்ந்தவர்களுக்கு 1,000 மீட்டருக்குக் கீழேயே அந்தச் சரிவு தொடங்கிவிடுகிறது.

கடிகாரம் காட்டும் துடிப்பு மண்டலங்களை (மெதுவான ஓட்டத்துக்கு இவ்வளவு, கடும் ஓட்டத்துக்கு இவ்வளவு என்ற துடிப்பு வரம்புகளை) மலையிலும் நம்பலாமா?

கூடாது. மெதுவான ஓட்டத்தில் துடிப்பு வழக்கத்தைவிட ஏறியிருக்கும். உச்சத் துடிப்போ சற்று இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் நெருக்கி ஏணியின் படிகள் குறுகிவிடுகின்றன. ஊட்டி உயரத்தில் உச்சத் துடிப்பு சில எண்ணிக்கைதான் இறங்கும். 5,000 மீட்டரில் பல வாரம் தங்கினால் 20-க்கு மேல் இறங்கும். நேட்டிக் அறையில் எவரெஸ்ட் உச்சி அளவில் அந்த இளைஞர்களின் உச்சத் துடிப்பு 120-ஐ ஒட்டியே நின்றது. அட்ரினலின் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருந்தால் இதயம் காதைப் பொத்திக்கொள்கிறது. துடிப்பை அடக்கும் வேகஸ் நரம்பின் பிடியும் இறுகுகிறது. இதைப் பழுது என்று சிலர் எழுதுகிறார்கள். இதயம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நடைமுறையில், முதல் வாரம் ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இதயத்தின் வலது பக்கத்துக்குச் சுமை கூடும் என்பது உண்மையா?

உண்மை, அதைப்பற்றிப் போதிய அளவு பேசுவதும் இல்லை. நுரையீரலுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. உடலின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும், நுரையீரலில் சுருங்கும். 1946-இல் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளிடம் இதைக் காட்டினார்கள். சமவெளியில் இது புத்திசாலித்தனம். நுரையீரலின் ஒரு மூலையில் சளி அடைத்துக் காற்று வராவிட்டால், பயிர் இல்லாத வயலின் மடையை அடைத்து விளையும் வயலுக்குத் தண்ணீரைத் திருப்புவதுபோல, நல்ல பகுதிக்கு ரத்தம் போகும். மலையிலோ எல்லா வயலிலும் ஒரே பஞ்சம். எல்லா மடைகளும் ஒருசேரக் குறுகிவிடுகின்றன. அவற்றுக்கு எதிராகத் தள்ளவேண்டியது வலது கீழறை.

அது மெல்லிய சுவர்கொண்ட அறை. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் ஓய்வில் 14 மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு வேலைக்காகவே வடிவமைக்கப்பட்டது. கடும் ஓட்டத்தில் சமவெளியிலேயே இந்த அழுத்தம் பெருகுகிறது. மணிக்கணக்கில் நீளும் போட்டிகளுக்குப் பிறகு எக்கோ பார்த்தால், இடது கீழறை அசராமல் இருக்க, வலது கீழறை தற்காலிகமாக விரிந்து தளர்ந்திருப்பது தெரியும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். மலை இதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. 2,000 முதல் 2,500 மீட்டருக்குள், ஆரோக்கியமான இளம் வீரருக்கு அது தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் வந்த மூன்றாம் நாளே 30 கிலோமீட்டர் ஓடவிடும் பயிற்சியாளரைப் பார்த்தால் எனக்கு அந்தப் பிள்ளையின் கால்களைப்பற்றி அல்ல, வலது கீழறையைப்பற்றித்தான் கவலை.

அப்படியானால் பலன் எங்கிருந்து வருகிறது?

ரத்தத்திலிருந்து. ஆக்சிஜன் குறைந்த சில மணி நேரத்தில் சிறுநீரகம், சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. ஒன்றிரண்டு நாளில் அது உச்சத்தை எட்டும். செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. எலும்பு மஜ்ஜை புதுச் சிவப்பணுக்களை உருவாக்க வாரங்கள் ஆகும். 2,100 மீட்டருக்கு மேல் தங்கும் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் மொத்த ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது. மூன்று வாரம் என்றால் 504 மணி நேரம். ஐந்து சதவீதம் கிடைத்தால் நல்ல முகாம். ஒரு வாரச் சுற்றுலாவில் கிடைப்பது வர்க்கியும் படங்களும்.

1997-இல் லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும் 39 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். யூட்டாவில் 2,500 மீட்டரில் தூங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கி ஓடிய குழுவே 5,000 மீட்டர் ஓட்டத்தில் முன்னேறியது, சராசரி 13.4 விநாடி. மேலேயே தூங்கி மேலேயே ஓடிய குழுவுக்கும் ரத்தம் கூடியது, ஆனால் ஓட்ட நேரம் முன்னேறவில்லை. மேலே வேகமாக ஓட முடியாததால் காலும் இதயமும் சமவெளி வேகத்தை மறந்துவிடுகின்றன.

நீலகிரியில் அப்படி 'மேலே தூங்கி, கீழே ஓட' முடியுமா?

வரைபடத்தில் அழகாக இருக்கும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் 50 கிலோமீட்டர், அத்தனையும் மலைப்பாதை. விடியற்காலையில் வேனில் இறக்கி, ஓடவைத்து, கொண்டைஊசி வளைவுகளில் மீண்டும் ஏற்றிக்கொண்டு வந்தால், பாதிப்பேர் காலை இட்லியைப் பாதையிலேயே விட்டுவிடுவார்கள். வாரம் ஒரு முறை, கடினமான ஓட்டத்துக்கு மட்டும் இறங்குவது நடக்கக்கூடியது. குன்னூர் 1,850 மீட்டரில் இருக்கிறது. போதுமான இறக்கம் இல்லை.

கீழே இறங்கியதும் இதயத்துக்கு என்ன ஆகிறது? எப்போது போட்டியில் ஓடலாம்?

இதயத்துக்கு விருந்து அப்போதுதான். இறங்கிய சில நாட்களில் பிளாஸ்மா திரும்பி வருகிறது. மேலே சேர்த்த சிவப்பணுக்களும் இருக்கின்றன. மொத்த ரத்தம் கூடியதால் இடது கீழறை நன்றாக நிரம்புகிறது, ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது, அதே வேகத்துக்குத் துடிப்பு குறைகிறது. மலைப் பயிற்சியால் இதயத்துக்கு ஏதாவது லாபம் உண்டு என்றால் அது சமவெளியில் கிடைக்கிறது. ஆனால் காலக்கெடு உண்டு. எரித்ரோபாய்டின் சட்டென்று இறங்குவதால் இளம் சிவப்பணுக்கள் சிலவற்றை உடலே அழித்துவிடுகிறது. சில வாரங்களில் சேமிப்பு கரைந்துவிடும்.

இறங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஓடு, அல்லது இரண்டு வாரம் கழித்து ஓடு என்பது பயிற்சியாளர்களின் வாய்வழிப் பாடம். அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. முக்கியப் போட்டிக்கு முந்தைய ஆண்டே ஒரு சிறிய போட்டியில் ஒத்திகை பார்ப்பதுதான் வழி.

ஆக்சிமீட்டரில் 93 காட்டுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா?

கொரோனா காலத்தில் வீடுவீடாக வாங்கிய அந்தக் கருவி நம்மை 94-க்குக் கீழே பயப்படப் பழக்கிவிட்டது. ஊட்டியில் வந்த புதிதில் 93, 94 என்பது இயல்பே. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நுரை கலந்த இருமல், தள்ளாட்டம், குழப்பம் இருந்தால் எண் எதுவானாலும் உடனே கீழே இறங்குங்கள்.

யாருக்கெல்லாம் மலைப் பயிற்சி ஆகாது?

நுரையீரல் ரத்தக்குழாய்களில் உயர் அழுத்தம் உள்ளவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் வரவே கூடாது. நாற்பதைத் தாண்டி, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்து, புதிதாக மாரத்தானுக்குக் கிளம்பியவர்கள் சமவெளியிலேயே டிரெட்மில் சோதனை முடித்துவிட்டு வரட்டும். இளம் வீரர்களைவிட எனக்கு இவர்களைப்பற்றித்தான் அச்சம் அதிகம். சிவப்பணுக்களை அரிவாள்போல் வளையவைக்கக்கூடிய அரிவாளணு மரபு இருப்பவருக்குக் கடும் உழைப்பும் உயரமும் சேர்ந்தால் மண்ணீரலுக்குப் போகும் ரத்தம் தடைபடலாம். இந்தியாவில் அந்த மரபு முதன்முதலாக 1952-இல் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. இங்குள்ள பழங்குடிப் பிள்ளைகளைப் பயிற்சிக்குச் சேர்க்கும்போது அரிவாளணுப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரை அவசியமா?

உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 30-க்குக் கீழ் இருந்தால், மஜ்ஜைக்குச் சிவப்பணு செய்யச் சரக்கே இல்லை. மூன்று வாரச் செலவும் வீண். பெண்களிடம் இது மிகவும் சகஜம். மாத்திரை போட்ட கையோடு நீலகிரித் தேநீர் குடிக்காதீர்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு சேர்க்கும்.

முகத்தில் மாட்டும் 'உயர்மலை மாஸ்க்' சென்னையிலேயே இதே பலனைத் தருமா?

தராது. அது மூச்சை இழுக்கக் கடினமாக்குகிறது, காற்றழுத்தத்தைக் குறைப்பதில்லை. மூச்சுத் தசைக்குக் கொஞ்சம் வேலை, பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் வேடிக்கை.

எவரெஸ்ட் அடிவாரம்வரை போனவர்களின் இதயம் சுருங்கியது என்று படித்தேன். பயப்படவேண்டுமா?

5,300 மீட்டரிலுள்ள அடிவார முகாமுக்கு 17 நாள் நடைபயணம் போய்வந்த 14 பேரைத் திரும்பியதும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். இடது கீழறையின் எடை, உடல் மெலிந்ததைக் கழித்த பிறகும், 11 சதவீதம் குறைந்திருந்தது. தசையின் ஆற்றல் இருப்பும் இறங்கியிருந்தது. ஆறு மாதத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டன. அந்த உயரத்தில் யாரும் பயிற்சி முகாம் நடத்துவதில்லை. கென்யாவின் இட்டென் 2,400 மீட்டர், அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர், இமாச்சலின் ஷிலாரு 2,400 மீட்டர். எல்லோரும் இந்தப் பட்டைக்குள்ளேயே சுற்றுவதற்குக் காரணம் உண்டு: இதற்குக் கீழே மஜ்ஜை அசையாது, இதற்கு மேலே தூக்கமும் பசியும் கெட்டுப் பயிற்சியே நடக்காது.

காலை நாடி இறங்காமல் அடம்பிடித்தால்?

பத்து நாளாகியும் இறங்கவில்லை என்றாலோ, இறங்கிவிட்டுத் திடீரென ஏறினாலோ, அன்று ஓடக் கூடாது. தூக்கமின்மை, தண்ணீர்க் குறைவு, மிதமிஞ்சிய பயிற்சி, காய்ச்சல் என்ற வரிசையில் தேடுங்கள். காய்ச்சல் என்றால் விளையாட்டு வேண்டாம். சில வைரஸ்கள் இதயத்தசையையும் தொடும், அந்த நேரத்து ஓட்டம் உயிருக்கே ஆபத்து.

அந்த நோட்டுக்காரி மூன்றாவது முகாமில் ஏழாம் நாள் 51-லிருந்து 63-க்குத் தாவினாள். ஒன்றுமில்லை, படிக்கட்டு ஏறிவிட்டு எண்ணினேன் என்றாள். நெற்றியில் கை வைத்தால் சுட்டது. காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. மருத்துவர் பார்த்து இ.சி.ஜி. எடுத்துச் சரியென்று சொல்லும்வரை ஒன்பது நாள் நிறுத்திவைத்தோம். ஸ்வெட்டருக்குமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்தாள். என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் காலை நோட்டை நீட்டினாள்: 52. அன்று நாற்பது நிமிடம் மெதுவாக ஓடினாள்.